மாலைக் களைப்புக்கு எது மருந்து: வண்ணப் புத்தகமா, குரோஷேவா, சிக்குக் கோலமா?

அலுவலகமும் வீட்டு வேலையும் முடிந்தபின் கிடைக்கும் அரை மணி நேரத்தில் மனத்தை ஆற்றிக்கொள்ள ஒரு கைவேலையைத் தேடுகிறவரிடம், பிடித்ததைச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. களைத்துப்போன மூளையிடம் ஒவ்வொரு கலையும் வெவ்வேறு அளவு உழைப்பைக் கேட்கிறது. எவ்வளவு விரைவில் தொடங்கலாம், பிழை நேர்ந்தால் என்ன ஆகும், மனம் பழைய கவலைக்குத் திரும்ப எவ்வளவு இடம் தருகிறது என்ற மூன்றையும் வைத்தே இவற்றை ஒப்பிட வேண்டும் என்று கருதுகிறேன்.

திறமை இல்லையே என்ற தயக்கம் தேவையற்றது. 2016இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் களிமண், வண்ணப் பேனா, படத்துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு 45 நிமிடம் விரும்பியதைச் செய்தனர். மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் அளவு அவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினரின் உமிழ்நீரில் குறைந்திருந்தது. முன்பயிற்சி இருந்ததா என்பதால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான் என்றாலும், தொடக்க நிலையில் இருப்பவருக்கு அது நம்பிக்கை தருகிறது.

வெற்றுத்தாளில் ஓவியம் வரைவதை நான் முதலிலேயே விலக்கிவிடுகிறேன். எதை வரைவது, எங்கே தொடங்குவது என்று நாள் முழுவதும் முடிவெடுத்து ஓய்ந்தவரை மேலும் முடிவெடுக்கச் சொல்வது அது. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 84 மாணவர்களிடம் பதற்றத்தைத் தூண்டியபின், சிலருக்கு மண்டலா எனப்படும் வட்டக் கோல வடிவத்தையும், சிலருக்குக் கட்டம்போட்ட வடிவத்தையும், மற்றவர்களுக்கு வெறும் தாளையும் வண்ணம் தீட்டக் கொடுத்தார்கள். வடிவம் கிடைத்த இரு குழுவினருக்கும் பதற்றம் தணிந்தது. வெறும் தாள் பெற்றவர்களுக்கு அவ்வாறு தணியவில்லை.

இதைப் பார்த்தால் வண்ணப் புத்தகமே போதும் என்று தோன்றும். தொடங்குவதற்கு அதைவிட எளிய வழி இல்லை என்பதும் உண்மை. ஆனால் கை பழகிவிட்டால் வண்ணம் தீட்டுவதற்குக் கவனமே தேவைப்படுவதில்லை. கை ஒரு பக்கம் நிரப்பிக்கொண்டிருக்க, மனம் மறுபடியும் காலையில் மேலாளர் சொன்னதை அசைபோடத் தொடங்கிவிடும்.

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே இந்த இடத்தில் ஒரு படி மேலே நிற்கிறது. ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூற்கண்டும் இருந்தால் போதும். கண்ணிகளை எண்ண வேண்டியிருப்பதால் கவனம் நூலிலேயே இருக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் திறந்திருக்கும் என்பதால், பிழை நேர்ந்தால் அந்த வரிசை வரை பிரித்துவிட்டு மீண்டும் பின்னலாம். பேருந்து வந்துவிட்டால் பாதியிலேயே பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பலாம். அதற்கு நெருங்கிய உறவான ஊசிப்பின்னலை (நிட்டிங்) செய்யும் 3,545 பேரிடம் நடத்திய கருத்தறிதல் 2013இல் வெளியானது. அடிக்கடி பின்னுவோர் கூடுதல் அமைதியை உணர்வதாக அதில் தெரிந்தது. ஏற்கெனவே பின்னலை விரும்பியவர்களின் சொல் அது என்பதால் முழுச் சான்றாகக் கொள்ள முடியாது. குரோஷேயின் உண்மையான குறை வேறொன்று: ஒரு போர்வை முடிய மாதங்கள் ஆகும், முடியாத போர்வை அலமாரியில் கிடந்தபடி இன்னொரு நிலுவை வேலையாகிவிடும். சிறிய பொருளாகத் தொடங்குவதே நல்லது.

என் தேர்வு சிக்குக் கோலம். புள்ளி வைத்தவுடன் வெற்றிடத்தின் மிரட்சி போய்விடுகிறது. எந்தப் புள்ளியும் விடுபடக் கூடாது, தொடங்கிய இடத்திலேயே இழை வந்து சேர வேண்டும் என்ற விதிகளோ, பழகிய பிறகும் மனத்தை அலைய விடுவதில்லை. அந்த விதிகளின் ஒழுங்கு எவ்வளவு கறாரானது என்றால், 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் கோலத்தைக் வடிவங்களை விதிகளாக எழுதிக்காட்டும் கணினி அறிவியலின் இலக்கண முறைகளைக் கொண்டே ஆராய்ந்தார்கள். ஏழு புள்ளியில் தொடங்கி இடைப்புள்ளி நான்கில் நிறுத்தும் கோலம் ஒரே அமர்வில் முடிந்துவிடும். வாசலில் போட்டதை மறுநாள் துடைத்துவிடுவதால் எதுவும் நிலுவையில் சேர்வதுமில்லை. வாசல் இல்லாத அடுக்குமாடி வீட்டிலும், குனிய முடியாத முழங்காலுக்கும் கட்டம்போட்ட நோட்டு ஒன்று போதும். மார்கழியில் தெருப் போட்டிக்காகப் போடும் கோலத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன், பார்க்கிறவர் என்ன சொல்வாரோ என்ற எண்ணம் அதில் நுழைந்துவிடுகிறது.

பயணத்திலேயே நேரம் கழிகிறவர் குரோஷேயைத் தேர்ந்தெடுக்கலாம். மணிக்கட்டு வலி உள்ளவர் அதைத் தவிர்ப்பது நல்லது. இந்த ஒப்பீடு அன்றாட அழுத்தத்துக்கு மட்டுமே பொருந்தும். வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, எதிலும் நாட்டமற்றுப் போனவர் கோல நோட்டை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.