தொழில் வழிகாட்டி மையம் ஒன்றில் என் மகளோடு ஒரு நாள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், மேல்நிலையில் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஓயவே இல்லை. உறவினர்கள் ஆளுக்கொரு பதிலை வைத்திருந்தார்கள். படிக்கப் போகிற மகள் மட்டும் வாய் திறக்கவில்லை. அதனால் தஞ்சாவூரில் இயங்கும் ஒரு தனியார் தொழில் வழிகாட்டி மையத்துக்கு அவளை அழைத்துச் சென்றேன். கணினிவழி ஆர்வத் தேர்வு, திறனறித் தேர்வு, ஆலோசகருடன் சந்திப்பு, அச்சிட்ட அறிக்கை என எல்லாவற்றுக்கும் சேர்த்து 3,500 ரூபாய் வாங்கினார்கள். மே மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்படிப்பட்ட மையங்களைத் தேடிப் போகும் பெற்றோருக்கு உதவும் என்பதால், அங்கே எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றிச் சொல்லக் குறை எதுவும் இல்லை. குறித்த நேரத்துக்கு உள்ளே அழைத்தார்கள். தேர்வு தமிழிலும் இருந்தது. அருகில் நின்று யாரும் அவசரப்படுத்தவில்லை. திறனறித் தேர்வு எண், மொழி, வடிவம் ஆகியவற்றில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளைக் கொண்டது. ஓர் ஆசிரியையாக எனக்கு அவளைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது சொல்லியது.

ஆர்வத் தேர்வைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்ட தேர்வு அது. மனிதர்களின் தொழில் ஆர்வங்களைக் கருவிகளையும் இயந்திரங்களையும் கையாளும் கைவேலை, ஆய்வு, கலை, பிறருக்கு உதவுதல், முன்னின்று நடத்துதல், ஒழுங்குபட்ட அலுவலகப் பணி என்று ஆறு வகையாக அவர் பகுத்தார். வேலைகளையும் அதே ஆறு வகைகளில் அடுக்கிவிட்டால், ஒருவருடைய ஆர்வத்தோடு ஒத்துப்போகும் வேலையைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அதன் அடிப்படை. உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள முறை அது. அதைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஆனால் திரையில் வரும் ஒவ்வொரு செயலுக்கும் ‘மிகவும் பிடிக்கும்’ என்பதிலிருந்து ‘பிடிக்கவே பிடிக்காது’ வரை ஐந்து விடைகளே இருந்தன. ‘எனக்கு இது என்னவென்றே தெரியாது’ என்று சொல்ல இடமே இல்லை.

இது சிறிய குறையாகத் தோன்றலாம். பங்குச் சந்தை விவரங்களை ஆராய்வது பிடிக்குமா என்ற கேள்விக்கு, அதைக் கண்ணால் கண்டிராத பதினைந்து வயதுப் பெண் என்ன விடை சொல்ல முடியும்? ‘பிடிக்காது’ என்பதை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். கட்டட வரைபடம் தயாரிப்பதற்கும் அதே விடைதான். அவள் அறியாதவை எல்லாம் அவள் விரும்பாதவையாகக் கணக்கில் ஏறின. அறிக்கையில் ஆறு வகைகளுக்கும் வரைந்திருந்த பட்டை வரைபடத்தில் ‘பிறருக்கு உதவுதல்’ மிக உயரமான பட்டையாக நின்றது. செவிலியர், மருத்துவமனை ஆய்வகப் பணி, ஆசிரியர் என்று மூன்று தொழில்கள் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. அவள் அத்தை அரசு மருத்துவமனையில் ஆய்வகப் பணியாளர், நான் ஆசிரியை. அவள் அருகிருந்து பார்த்த பெண்களின் வேலைகளையே அந்தத் தாள் அவளிடம் திருப்பிக் கொடுத்தது.

அதைவிட என்னை உறுத்தியது கைவேலைக்கான பட்டை. ஆறில் மிகக் குட்டையானது அதுதான். என் கணவர் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சுற்றுவட்டார வயல்களின் பம்புசெட் மோட்டார்கள் எரிந்துபோனால் அங்கேதான் வரும். எட்டு வயதிலிருந்து விடுமுறைகளில் மகள் அந்தப் பட்டறையில்தான் இருந்திருக்கிறாள். கருகிய காப்பர் கம்பியை வெட்டி எடுத்தபின், மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் ஒவ்வொரு காடியையும் துடைத்து, காப்புத்தாளை அளவாக மடித்துச் செருகி, புதிய காயிலைக் கம்பி உரசாமல் இறக்குவதை அவள் செய்வாள். சுற்றுகளின் எண்ணிக்கையை அவள் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. ‘இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது பிடிக்குமா’ என்ற கேள்விக்கு அந்தப் பெண் ‘பிடிக்காது’ என்று குறித்திருக்கிறாள். பேருந்தில் திரும்பும்போது காரணம் கேட்டேன். “அது ஆம்பளைங்க வேலைம்மா. அப்பாவுக்குக் கூடமாட இருக்கறது வேற” என்றாள்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற ஆய்வாளர் 1981-இல் வெளியிட்ட கோட்பாடு. பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே தொழில்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிறார்கள் என்கிறார் அவர். ஆறு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் ‘இது என் பாலினத்துக்குரிய வேலையன்று’ என்று ஒரு பகுதி கழிகிறது. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் ‘இது மதிப்பில்லாத வேலை’, ‘இது எனக்கு எட்டாத வேலை’ என்று மேலும் ஒரு பகுதி கழிகிறது. தனக்கு உள்ளபடியே எது பிடிக்கும் என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும்போது மிச்சமிருப்பவை சிலவே. மையம் அளந்தது அந்த மிச்சத்தைத்தான். கழிந்துபோனவற்றுள் எதை மீட்கலாம் என்று அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

ஆலோசகருடனான சந்திப்பு நாங்கள் கொடுத்த பணத்துக்கு ஈடானது என்று தயங்காமல் சொல்வேன். முதல் பத்து நிமிடங்களில் மகளிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கவனித்த அவர், என்னைப் பணிவோடு வெளியே அமரச் சொன்னார். அப்போது வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தால், அன்று நடந்தவற்றுள் மிகச் சரியான செயல் அதுதான். முக்கால் மணி நேரம் அவள் பேசியிருக்கிறாள். கல்லூரி தொலைவில் இருந்தால் அனுப்பமாட்டோம் என்று தானாகவே முடிவுசெய்துகொண்டு, அருகில் உள்ள கல்லூரிகளில் இருக்கும் படிப்புகளை மட்டுமே அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்படி நாங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாத தடையும் தடையாக நிற்கும் என்பதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

தகவல் தருவதில் மையம் பின்தங்கியிருந்தது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். மேல்நிலைக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றலாம் என்று அங்கே எளிதாகச் சொன்னார்கள். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டை இடையில் மாறினால் இழக்க நேரும் என்பதை நான்தான் எடுத்துச் சொன்னேன். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு மின்னியல் டிப்ளமோ முடித்து, பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரும் வழியும் அறிக்கையில் இல்லை. மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு ஒன்று இருக்கிறது என்ற குறிப்பும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டும் இடம் இவற்றை முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

தொழில் வழிகாட்டலுக்கென்று பாஸ்டன் நகரில் 1908-இல் ஒரு நிலையத்தைத் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ், தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்று மூன்று படிகள் வேண்டும் என்றார். இந்த மையம் முதல் படியைச் செய்கிறது, மூன்றாவதற்கு ஆலோசகர் உண்மையாகவே முயல்கிறார், நடுப்படி இல்லை. தேர்வுக்கு முன்பாக ஒரு பட்டறை, ஒரு வங்கி, ஒரு வரைகலை அலுவலகம் என்று இரண்டு நாள் அழைத்துப்போய்க் காட்டியிருந்தால், அதே கேள்விகளுக்கு என் மகள் வேறு விடைகள் சொல்லியிருப்பாள் என்று நம்புகிறேன். அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் தொடங்கியபின் அரசுப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டல் கட்டணமின்றியே கிடைக்கிறது. கட்டணம் வாங்கும் மையம் அதற்கு மேல் தர வேண்டியது, இப்படித் தொழில்களை நேரில் காட்டுவதைத்தான்.

பிள்ளை வீட்டில் மனம்விட்டுப் பேசவில்லை என்றால் அந்தச் சந்திப்புக்காகவே இத்தகைய மையத்துக்குப் போகலாம். அறிக்கைக்காக மட்டும் போக வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் இன்னொரு சந்திப்பு கட்டணமின்றி உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். மகள் இப்போது கணிதம், இயற்பியல் உள்ள பிரிவில் சேர்ந்திருக்கிறாள். திருவாரூர்ப் பக்கம் பம்புசெட் பட்டறையை நடத்தும் பெண் ஒருவரைப் பார்க்க, என் கணவர் அவளைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போனார். அடுத்த சந்திப்பில், ஆர்வத் தேர்வை முதலிலிருந்து மறுபடியும் எழுத அனுமதிக்குமாறு கேட்கப் போகிறோம்.