லேப்டாப் தூங்கி எழுந்தா வைஃபை வரலையா? வைஃபை கார்டை மாத்தக் கொடுத்துடாதீங்க, நான் 4,800 ரூபா தொலைச்சாச்சு

இப்ப ராத்திரி மணி 11.30. அரை மணி நேரத்துக்கு முன்னாடிதான் எனக்கு விஷயம் முழுசா விளங்குச்சு. ஆறப்போட்டு எழுதினா நாகரிகமா எழுதித் தொலைச்சிடுவேன், அதனால இப்பவே எழுதறேன். கடைப் பேரைப் போடல. லேப்டாப், பிரிண்டர் எல்லாம் பழுது பார்க்கிற சின்னக் கடை, ‘ஒரே நாளில் டெலிவரி’ன்னு கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கிற ரகம். அது போதும். போனது 4,800. இந்தக் கோளாறை நீங்களே எப்படிச் சரி பண்ணிக்கலாம்னு கடைசியில விவரமா எழுதறேன், அதுவரைக்கும் என் புலம்பலைப் பொறுத்துக்குங்க.

கோளாறு இதுதான். லேப்டாப்பை மூடி வச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்தா வைஃபை இருக்காது. மூலையில அந்த உருண்டை உலகப் படம் வந்து நிக்கும். பட்டியலைத் திறந்தா ஒரு நெட்வொர்க்கும் தெரியாது. என்னோடது மட்டுமில்ல, அக்கம்பக்கத்து ஆளுங்களோடதும் தெரியாது. போன்ல அதே வைஃபை ஜோரா ஓடும். ரீஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி எல்லாம் திரும்பி வந்துடும். ஒரு மாசமா இந்தக் கூத்து. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவளுக்கு, ஒவ்வொரு தடவை எழுந்து போயிட்டு வரும்போதும் திரையில திறந்திருக்கிற பதினாலு ஜன்னலை மூடித் திறக்கறது எவ்வளவு எரிச்சல்னு சொல்லத் தேவையில்ல.

கடைக்குக் கொண்டு போனேன். அந்தப் பையன் (பையன்னு சொல்றேன், முப்பது வயசு இருக்கும்) ரொம்ப மரியாதை. “உக்காருங்கக்கா, என்னக்கா பிரச்சினை?” நான் சொன்னதை முழுசாக் கேட்டான். நடுவுல ஒரு தடவை கூட வெட்டல. இந்தக் காலத்துல நாம சொல்றதை முழுசாக் கேட்கிற ஆளைப் பார்த்தாலே பாதி நம்பிக்கை வந்துடுது. அங்கதான் விழுந்தேன்.

மீதிப் பாதி எப்படி வந்துச்சுன்னா, என் கண்ணு முன்னாடியே ஒரு பரிசோதனை பண்ணான். மூடினான். ரெண்டு நிமிஷம் விட்டுத் திறந்தான். வைஃபை இல்ல. “சரிக்கா, இப்ப மொத்தமா ஆஃப் பண்றேன் பாருங்க”ன்னு ஷட் டவுன் கொடுத்தான். திரை அணைஞ்சு, விளக்கு அணைஞ்சு, பத்து எண்ணிட்டு பவர் பட்டனை அமுக்கினான். லேப்டாப் வந்துச்சு, வைஃபை வரல. “பார்த்தீங்களாக்கா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் வரலைன்னா சாப்ட்வேர் இல்ல. கார்டு போயிடுச்சு.”

எனக்கு உறுத்துச்சு. “ஆனா தம்பி, ரீஸ்டார்ட் பண்ணா வருதே?”ன்னு கேட்டேன். கேட்டேங்க, கேட்காம இல்ல. அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான்: “அணையப் போற விளக்கு பிரகாசமா எரியும்னு சொல்வாங்கல்லக்கா, அது மாதிரி. இன்னும் பத்து நாள் தாங்கும், அப்புறம் சுத்தமா வராது.”

பழமொழிக்கு மயங்கினேன். என்னைச் சொல்லணும்.

இன்னிக்கு ராத்திரி படிச்சப்போதான் அந்தப் பரிசோதனையோட சூட்சுமம் தெரிஞ்சது. 2012-ல வந்த விண்டோஸ் 8-லிருந்தே ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’னு ஒண்ணு இருக்கு. அது ஆன்ல இருந்தா ஷட் டவுன் பண்றது முழு ஷட் டவுனே இல்ல. நாம திறந்து வச்சதை மட்டும் மூடிட்டு, உள்ளே இருக்கிற கர்னலையும் (விண்டோஸோட மையப் பகுதி) டிரைவரையும் (கார்டு மாதிரி பாகங்களை இயக்கற சாப்ட்வேர்) இருந்த நிலையிலேயே டிஸ்க்ல எழுதி வச்சுக்குது. மறுபடி ஆன் பண்ணா அதையே எடுத்து விரிக்குது. குழம்பிப் போன டிரைவர் குழம்பின மாதிரியேதான் எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தாத்தான் எல்லாம் முதல்லேருந்து தொடங்கும். அதாவது, ஷட் டவுன்ல வராம ரீஸ்டார்ட்ல வந்தா கார்டு செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கார்டு நல்லா இருக்கு, தூங்கி எழுந்திருக்கிற முறையில கோளாறுன்னுதான் பெரும்பாலும் அர்த்தம். எரிஞ்சு போன கார்டுக்கு ரீஸ்டார்ட்னு தெரியுமா, ஷட் டவுன்னு தெரியுமா? நான் கேட்ட கேள்வியிலேயே பதில் இருந்துச்சு. நான்தான் விளக்கு எரியுதான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

கடைக் கதைக்குத் திரும்ப வர்றேன். அந்தப் பையன் லேப்டாப்பை உள்ளே எடுத்துட்டுப் போனான். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தப்போ உள்ளங்கையில ஒரு குட்டிக் கார்டு, ரெண்டு தபால்தலை சேர்த்து வச்ச அளவு கூட இருக்காது. ஒரு ஓரம் பழுப்பா இருந்துச்சு. “இதான்கா உங்க பழைய கார்டு. சூடு பட்டிருக்கு பாருங்க.” பார்த்தேன். பழுப்புதான். பாவம் என் கார்டுன்னு தோணுச்சு. அது என் லேப்டாப்புலேருந்து வந்ததா, அவன் மேஜை டிராயர்லேருந்து வந்ததான்னு கேட்கத் தோணல. “வச்சுக்கறீங்களாக்கா?”ன்னு வேற கேட்டான். “எதுக்குப்பா, குப்பைதானே”ன்னேன். அந்தக் குப்பை இன்னிக்கு என் கையில இருந்திருந்தா பேச்சே வேற.

பில்லு: வைஃபை கார்டு மாற்றியது, சர்வீஸ் உட்பட 4,800. கார்டு எந்த கம்பெனி, என்ன மாடல், சீரியல் எண் ஒண்ணும் இல்ல. என் கண்ணு முன்னாடி மூடினான், திறந்தான், வைஃபை போகாம நின்னுச்சு. மறுபடி மூடினான், திறந்தான், நின்னுச்சு. 4,800-ஐ எண்ணிக் கொடுத்துட்டு, தேங்க்ஸ் வேற சொல்லிட்டு வந்தேன்.

நாலு நாள் சொர்க்கம். அஞ்சாம் நாள் வெளியே போறதுக்காக மூடி பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். ஒண்ணரை மணி நேரம் கழிச்சுப் பையில கை வச்சா தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது! ஃபேன் அலறுது. சார்ஜ் பாதிக்கு மேல காலி. பயந்தே போயிட்டேன்.

வீட்டுக்கு வந்து பவர் செட்டிங்ஸைத் திறந்தேன். மூடியை மூடினா என்ன பண்ணணும்: ‘டூ நத்திங்’. எத்தனை நிமிஷத்துல ஸ்லீப்: ‘நெவர்’. நான் வச்சது இல்ல. என் செட்டிங் மூடினா ஸ்லீப்தான், வாங்கின நாளிலேருந்து.

புரியுதுங்களா? தூங்கி எழுந்தா வைஃபை வரலைன்னு கொண்டு போய்க் கொடுத்தேன். அவன் தூங்கவே விடாம பண்ணிக் கொடுத்திருக்கான். தூங்காதவனுக்கு எழுந்திரிக்கிற பிரச்சினை ஏது! கடையில மூடித் திறந்து காட்டினானே, அப்ப லேப்டாப் முழிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கு. செட்டிங்கைப் பழையபடி மாத்தி, மூடித் திறந்தேன். உருண்டை உலகப் படம் வந்து என்னைப் பார்த்துச்சு.

அன்னிக்கே போன் பண்ணேன். அக்கா காணாமப் போயிட்டாங்க, மேடம் வந்துட்டாங்க. “மேடம், உங்க ரவுட்டர்ல பிரச்சினை இருக்கும்.” ரவுட்டர்ல பிரச்சினைன்னா பக்கத்து வீட்டு நெட்வொர்க்காவது பட்டியல்ல தெரியணுமேன்னு கேட்டேன். “செக் பண்ணிச் சொல்றோம் மேடம்.” ரெண்டு நாள் சத்தமே இல்ல. மெசேஜ் போட்டேன், ரெண்டு நீல டிக். மறுபடி கூப்பிட்டேன், “விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கும் மேடம், அதுக்கு நாங்க பொறுப்பாக முடியாது.” நேர்ல போனேன், “அந்த சர்வீஸ் பண்ணவர் லீவுல இருக்கார் மேடம்.” பண்ணவன் கவுண்டருக்குப் பின்னாடியே நிக்கிறான், போனைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டு! என் முகத்தைப் பார்க்கல. அன்னிக்கு நான் சொன்னதை முழுசாக் கேட்டவன்.

இன்னொருத்தர், முதலாளி போல, “கார்டு ஓகே மேடம், மதர்போர்டுல செக் பண்ணணும், அதுக்குத் தனி சார்ஜ் ஆகும்”னார். ஏற்கெனவே 4,800 கொடுத்தவகிட்ட!

எனக்கு ஒரு தம்பி, வேற ஊர்ல இருக்கான், கம்ப்யூட்டர் வேலைதான். அவனைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் கடைக்கே போனேன். இன்னிக்கு சாயங்காலம் போன்ல கதையைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, ரவுட்டர்ல லேப்டாப்புக்கு நம்பர் ஒதுக்கி வச்சோமே, ஞாபகம் இருக்கா? இப்ப என்ன நம்பர் வருது?”

விஷயம் என்னன்னா, ரவுட்டர் தன்கிட்ட சேர்ற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் கொடுக்கும். ஒவ்வொரு வைஃபை கார்டுக்கும் தயாரிக்கும்போதே ஒரு அடையாளம் கொடுத்துடறாங்க, மேக் முகவரின்னு பேரு. 12 இலக்கம், முதல் பாதி தயாரிச்ச கம்பெனியைச் சொல்லும், அடுத்த பாதி அந்தக் கார்டை. பிரிண்டர் தகராறு பண்ணுதுன்னு போன வருஷம் தம்பி ரவுட்டர்ல, “இந்த மேக் முகவரி வந்தா 20-ங்கிற நம்பரைக் கொடு”ன்னு என் லேப்டாப்புக்கு எழுதி வச்சிருந்தான். கார்டு மாறினா மேக் மாறும். மேக் மாறினா ரவுட்டருக்கு இது யாரோ புது ஆளு, ஒதுக்கி வச்ச 20 கிடைக்காது.

பார்த்தேன். 20. அப்புறம் அவன் சொன்னபடி கமாண்ட் பிராம்ப்ட்ல ‘ipconfig /all’னு கட்டளை போட்டு வந்த 12 இலக்கத்தையும், ரவுட்டர்ல போன வருஷம் எழுதினதையும் விரல் வச்சு ஒவ்வொண்ணாப் பொருத்தினேன். அத்தனையும் அச்சு அசல். முகவரியை அப்பப்ப மாத்திக் காட்டற வசதி ஒண்ணு விண்டோஸ்ல இருக்கு, அது ஆஃப்ல இருக்கான்னும் தம்பி பார்க்கச் சொன்னான். ஆஃப்தான்.

கார்டை மாத்தவே இல்லைங்க. ஒரு திருகாணியைக் கூடக் கழட்டினானாங்கிறது சந்தேகம். 4,800 வாங்கிக்கிட்டு ரெண்டு செட்டிங்கை மாத்தியிருக்கான், அதுவும் லேப்டாப்பைப் பையில வேக வைக்கிற செட்டிங்.

உடனே மெசேஜ் போட்டேன், ரெண்டு முகவரியையும் படம் எடுத்து. ஆச்சரியமா, பதில் வந்துச்சு: “பழைய முகவரியையே புது கார்டில் ஏற்றிக் கொடுத்துள்ளோம் மேடம், உங்கள் வசதிக்காக.” என் வசதிக்காகவாம்! சரி, அப்ப புது கார்டோட சீரியல் எண்ணைக் கொடுங்கன்னு கேட்டேன். நீல டிக்.

இனி வைத்தியத்துக்கு வர்றேன். தம்பி போன்லயே சொல்லச் சொல்ல நானே பண்ணினது. ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் பண்ணி ‘டிவைஸ் மேனேஜர்’. அதுல ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’. அதுக்குள்ள வைஃபைன்னோ வயர்லெஸ்னோ பேர் இருக்கிறதை ரெண்டு தட்டு தட்டினா வர்ற ஜன்னல்ல ‘பவர் மேனேஜ்மென்ட்’னு ஒரு பகுதி. முதல் வரி, ‘அலௌ த கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ் டு சேவ் பவர்’. கரன்ட் மிச்சம் பண்ண இந்தக் கார்டை அணைச்சுக்கோன்னு நாம கொடுக்கிற அனுமதி அது. லேப்டாப் தூங்கும்போது கார்டையும் தூங்க வைக்குது, எழுந்திருக்கும்போது டிரைவர் அதைத் தட்டி எழுப்பணும். சில டிரைவர் எழுப்பறதே இல்ல, இல்லைன்னா கார்டு அசையறதில்ல. அந்த டிக்கை எடுத்துட்டு ஓகே. அவ்வளவுதான். சில லேப்டாப்புல, முக்கியமா புதுசுல, அந்தப் பகுதியே இருக்காது, தூங்கற முறையே வேற. அதுல டிரைவர் வழிதான்.

எனக்கு அதோட முழுசாத் தீரல. மூணாவது தடவை மூடித் திறந்தப்போ மறுபடி போச்சு. டிவைஸ் மேனேஜர்ல கார்டு பக்கத்துல மஞ்சள் முக்கோணம், திறந்தா ‘கோட் 10’, கார்டைத் தொடங்க முடியலைங்கிற பிழை எண். தம்பி உடனே, “ரீஸ்டார்ட் வேண்டாம், வலது கிளிக் பண்ணி டிஸேபிள், மறுபடி எனேபிள் கொடு”ன்னான். வந்துடுச்சு! ஒரு மாசமா பதினாலு ஜன்னலை மூடித் திறந்தவளுக்கு இது தெரியாமப் போச்சு. அப்புறம் லேப்டாப் கம்பெனியோட சொந்தத் தளத்துல என் மாடலைப் போட்டு வைஃபை டிரைவரை இறக்கி ஏத்தினேன். அதுக்கப்புறம் எட்டுத் தடவை மூடித் திறந்தாச்சு. வைஃபை போகாம நிக்குது. மொத்தம் இருபது நிமிஷம், செலவு சைபர்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், கை இன்னும் நடுங்குது, தோணறதை மட்டும் சொல்லிடறேன். ரிப்பேருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி மேக் முகவரியையும், ஸ்லீப் செட்டிங்கையும் போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க. உங்க எதிர்லயே திறக்கச் சொல்லுங்க. பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்க, குப்பைன்னு விட்டுடாதீங்க. பில்லுல சீரியல் எண் இல்லாம பணம் கொடுக்காதீங்க. மூடித் திறந்து காட்டினா, மூடினப்புறம் ஃபேன் நின்னுச்சா, விளக்கு மாறுச்சான்னு கவனிங்க. அப்புறம், தேடும்போது “உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு, இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்க”ன்னு திரை முழுக்க வந்தா கூப்பிடாதீங்க, அது இதைவிடப் பெரிய கொள்ளை. இன்னும் சொல்லணும்னு நினைச்சேன், மறந்துடுச்சு.

நாளைக்குக் கடை திறக்கிற நேரத்துக்கு வாசல்ல நிப்பேன். ரவுட்டர் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தாச்சு, பில்லு இருக்கு, தம்பி போன்ல இருப்பான். கடைக்காரப் பையன் அவன் முதலாளி முன்னாடியே லேப்டாப்பைத் திறந்து புது கார்டைக் காட்டட்டும். காட்ட முடியலைன்னா 4,800, முழுசா.