ஸ்காட்லாந்து ஃபுட்பால் புக் நாலு வாங்கிப் படிச்சேன், எது வாங்கலாம் எது வேணாம்

மொதல்லயே சொல்லிடறேன், கிளாஸ்கோவோட ரெண்டு பெரிய கிளப்ல நான் செல்டிக்கும் இல்ல ரேஞ்சர்ஸும் இல்ல. ராணிப்பேட்டைல தோல் கம்பெனில வேலை, ஞாயித்துக்கிழமை காட்பாடி பக்கம் டர்ஃப்ல ஒரு மணி நேரம் ஓடறது, அப்புறம் டீக்கடைல ரெண்டு மணி நேரம் பேசறது, அவ்ளோதான் நம்ம ஃபுட்பால். எங்க செட்ல எல்லாம் பிரீமியர் லீக் பசங்க. ஒருநாள் ஒருத்தன் ஃபோன்ல ஒரு பழைய பந்து ஃபோட்டோ காட்டினான், ஸ்காட்லாந்துல ஸ்டிர்லிங் கோட்டைல கெடைச்சதாம், 1540 வாக்குல செஞ்சது, உள்ள பன்னி மூத்திரப்பை, மேல தோலு. அவனுங்க பாத்துட்டு அடுத்த ஃபோட்டோவுக்குப் போயிட்டானுங்க, எனக்கு அந்தத் தையலை விட்டு கண்ணு நகரல, எவன் பதப்படுத்தினானோ இத்தனை வருஷம் தாங்குதேன்னு. அங்க ஆரம்பிச்ச கிறுக்குதான் இது.

நாலுமே ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட். ஒரு செல்லர் "நல்ல கண்டிஷன்"னு போட்டு அனுப்பின புக்கைப் பிரிச்சா அட்டை ஒரு பக்கம் வருது, பக்கம் ஒரு பக்கம் வருது. திருப்பி அனுப்பலாம்னா ஷிப்பிங்கே புக்கு விலைக்குமேல. நானே ஷூ ஒட்டற பசை போட்டு ஒட்டிட்டேன், இப்போ புது புக்கை விட ஸ்ட்ராங்கா கீது.

மொத புக்கு "ஸ்ட்ராமாஷ்", டேனியல் கிரே எழுதினது, 2010. ஸ்ட்ராமாஷ்னா அங்க தள்ளுமுள்ளு, கூச்சல் குழப்பம்னு அர்த்தம், கோல் முன்னாடி பத்து பேர் முட்டிக்கிட்டு நிப்பாங்களே அதுக்கு இந்த வார்த்தைய ஆர்தர் மான்ட்ஃபோர்ட்னு ஒரு டிவி கமென்டேட்டர் சொல்லிச் சொல்லியே ஃபேமஸ் ஆக்கிட்டாரு. கிரே இங்கிலீஷ்காரர், ஸ்காட்லாந்துல குடியேறினவர், பெரிய கிளப் பக்கமே போகாம சின்னச் சின்ன ஊரா போய் மேட்ச் பாக்கறாரு, அந்த ஊர்ல முன்னாடி சுரங்கம் இருந்துச்சா மில் இருந்துச்சா, அது மூடினப்புறம் ஜனம் இன்னா பண்ணுதுன்னு பாத்துட்டு, நடுவுல மட்டமான ஒரு மேட்ச்சையும் ரசிச்சு எழுதறாரு. படிக்கறப்ப எனக்கு குடியாத்தம், வாணியம்பாடி, அரக்கோணம்தான் ஓடிச்சு. கைத்தறி, தோலு, ரயில்வேன்னு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொழில், ஒரு கிரவுண்ட். இந்த மாதிரி நம்ம பக்கத்துக்கு ஒரு புக்கு எவனாவது எழுதக்கூடாதா, மேட்ச் முடிஞ்சு ஆம்பூர்ல பிரியாணியோட சாப்டர முடிக்கலாம். ஒரே குறை, ஜோக் கொஞ்சம் ஓவர், நாலு வரிக்கு ஒண்ணு சொல்லியே ஆவணும்னு நேர்ந்துக்கிட்டாரு போல.

ரெண்டாவது அலெக்ஸ் ஃபெர்குசனோட "எ லைட் இன் த நார்த்", அபர்டீன் கிளப்ல ஏழு வருஷம் மேனேஜரா இருந்த கதை. இத எங்கிட்ட வாங்கிட்டுப் போன சத்துவாச்சாரி தம்பி மேன்யூ, அதான் மான்செஸ்டர் யுனைடெட், வெறியன். மூணு நாள் கழிச்சு ஃபோன்.

"ண்ணா, மேன்யூ எந்தப் பக்கத்துல வருது?"

"வராதுபா. புக்கு வந்தது 1985, அவர் மேன்யூக்குப் போனது 1986 நவம்பர்."

"அப்போ இன்னாத்துக்குண்ணா இத குடுத்த?"

அவனுக்குப் புரியல, இந்த புக்கோட ருசியே அதுதான். பின்னாடி இன்னா வரப்போவுதுன்னு எழுதறவருக்கே தெரியாது. 1983 மே 11, ஸ்வீடன்ல கோத்தன்பர்க், ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப் ஃபைனல், மழை, எக்ஸ்ட்ரா டைம்ல ஜான் ஹியூயிட் தலையால முட்டி ரியல் மாட்ரிட் 2-1 தோல்வி. அடுத்த பத்து நாள்ல ரேஞ்சர்ஸை 1-0 அடிச்சு ஸ்காட்டிஷ் கப்பும் ஜெயிச்சுட்டு, டிவில நின்னு சொந்த டீமையே ஆட்டமா இதுன்னு திட்டினாரு மனுஷன். ஜெயிச்சதுக்கப்புறம்! நம்ம பழைய சூப்பர்வைசர் ஒருத்தர் அப்படித்தான், ஆர்டர் டைமுக்கு அனுப்பினாலும் திட்டு கெடைக்கும். 1985ல அபர்டீன் லீக் எடுத்துச்சு பாருங்க, அப்புறம் நாப்பது வருஷம் அந்த லீக் பட்டம் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரெண்டு வீட்டையும் தாண்டி வெளிய போகல. அத மனசுல வச்சிக்கிட்டு படிச்சா ஒரு மாதிரி வயித்தைப் பிசையும்.

மூணாவது பில் முர்ரே எழுதின "தி ஓல்ட் ஃபர்ம்", 1984. செல்டிக், ரேஞ்சர்ஸ் ரெண்டையும் சேத்து அங்க சொல்ற பேரு அது. இவர் ஹிஸ்டரி வாத்தியாரு, அதனால மேட்ச் சுவாரசியம் எதிர்பாத்து வாங்காதீங்க, தூக்கம் வரும், எனக்கு வந்துச்சு, ரெண்டு வாட்டி. ஆனா விஷயம் கனம். செல்டிக்னா கத்தோலிக்கர், ரேஞ்சர்ஸ்னா புராட்டஸ்டன்ட், இந்தப் பிரிவு எங்க மொளைச்சுது எப்படி வளந்துச்சுன்னு தோண்டித் தோண்டி எழுதிருக்காரு. ரேஞ்சர்ஸ் ஊரறிய ஒரு கத்தோலிக்க ஸ்டாரை, மோ ஜான்ஸ்டனை, எடுத்ததே 1989லதான், புக்கு வந்து அஞ்சு வருஷம் கழிச்சு, அப்போ ஃபேன்ஸ் ஸ்கார்ஃப கொளுத்தினாங்கோ. கிளாஸ்கோல ஒருத்தன் இன்னா மதம்னு நேரா கேக்க மாட்டாங்களாம், "எந்த ஸ்கூல்ல படிச்ச?"னு கேப்பாங்களாம். இத டீக்கடைல சொன்னப்ப எவனும் சிரிக்கல. நம்மூர்ல "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?"னு கேக்கறது இன்னாத்துக்குன்னு அங்க உக்காந்திருந்த எல்லாருக்கும் தெரியும். வாங்கணும்னா வாங்குங்க, ஒரே மூச்சுல முடிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க.

கடைசி ஒண்ணு நாவல், ராபின் ஜென்கின்ஸோட "தி திசில் அண்ட் த கிரெயில்", 1954. அட்டை பிஞ்சு வந்தது இதான். டிரம்சாகர்ட்னு ஒரு கற்பனை ஊரு, தொழில் நொடிச்ச ஊரு, அங்க திசில்னு ஒரு உருப்படாத டீமு ஜூனியர் கப்புக்கு ஆசைப்படுது. ஜூனியர்னு பாத்து எங்க செட்ல ஒருத்தன் பையனுக்கு வாங்கித் தரேன்னுட்டான், அய்யா சாமி, ஸ்காட்லாந்துல ஜூனியர்னா சின்னப் பசங்க இல்ல, அந்தக் காலத்துல பெரிய லீக்குக்கு வெளிய ஆடின முழுசா வளந்த ஆம்பளைங்க, கால ஒடைச்சுடுவானுங்க. கிளப் பிரசிடென்ட் ரூதர்ஃபோர்டு, ஊருக்கு நல்லவனா இருக்கணுமா கப்பு ஜெயிக்கணுமான்னு முழிக்கற இடமெல்லாம் சும்மா எழுதல, உள்ள போய் எழுதிருக்காரு. சனிக்கிழமை மேட்ச்ச நம்பியே அந்த ஊர் உசுரோட கீது. ஸ்காட்ஸ் பேச்சுமொழி நெறைய வருது, மொத முப்பது பக்கம் கஷ்டம், அப்புறம் காது பழகிடும், சென்னைக்காரன் நம்ம பேச்சுக்குப் பழகற மாதிரி.

இதெல்லாம் கேட்டுட்டு ஒரு கிரிக்கெட் வெறியன், ஸ்காட்லாந்துக்கு இன்னாபா பெரிய ஃபுட்பால் ஹிஸ்டரின்னான். 1872 நவம்பர் 30, உலகத்துல மொத இன்டர்நேஷனல் மேட்ச், ஸ்காட்லாந்து இங்கிலாந்து, ஸ்கோர் 0-0, கிளாஸ்கோ பக்கத்துல, அதுவும் கிரிக்கெட் கிரவுண்ட்லடான்னேன். கிரிக்கெட் கிரவுண்டுன்றத மட்டும் பிடிச்சிக்கிட்டான்.

எனக்கு இன்னும் வேண்டியது கல்கத்தா முகமது சலீம் கதை முழுசா ஒரு புக்கா, 1936ல கால்ல பேண்டேஜ் சுத்திக்கிட்டு வெறுங்காலோட செல்டிக் சட்டைல ஆடினவரு. அதோட 2020ல ரேஞ்சர்ஸ் லேடீஸ் டீமுக்குப் போன மணிப்பூர் பாலா தேவியையும் சேத்து எழுதினா செகண்ட் ஹேண்ட் வேணாம், ஃபுல் ரேட்டுக்கே வாங்கறேன்.

ஒண்ணே ஒண்ணுதான் வாங்க துட்டு இருக்குன்னா திசில். ஃபெர்குசன் இன்னும் சத்துவாச்சாரில மாட்டிக்கிட்டு கீது, தம்பி இப்ப ரெண்டாவது வாட்டி படிக்கிறானாம், கேட்டா அடுத்த வாரம்ண்ணான்றான்.