பனிக்குட நீரா, தாயின் ரத்தமா?

குறைமாதத்தில் பிரசவம் நேரும் என்றால் முதல் கவலை, குழந்தையின் நுரையீரல் மூச்சுவிடத் தயாரா என்பதுதான். அதற்கான அடையாளத்தைக் குழந்தையைச் சூழ்ந்த பனிக்குட நீரில் தேடுவதா, தாயின் ரத்தத்திலா?

எடுக்கும் விதம்: பனிக்குட நீருக்கு ஸ்கேன் பார்த்தபடி வயிற்றில் நீண்ட ஊசி. ரத்தத்துக்குக் கையில் ஒரு குத்தல்.

ஆபத்து: முன்னதில் அரிதாகப் பனிக்குடம் உடையலாம், பிரசவ வலி தொடங்கிவிடலாம். பின்னதில் குழந்தைக்கு ஒன்றுமில்லை.

நம்பகம்: தராசு இங்கேதான் சாய்கிறது. குழந்தையின் நுரையீரலில் சுரந்து, காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் பனிக்குட நீரில் நேராகவே கலக்கிறது. அந்த நீரில் லெசித்தின் என்ற கொழுப்பு, ஸ்பிங்கோமைலின் என்ற இன்னொரு கொழுப்பைப் போல் 2 மடங்கு இருந்தால் நுரையீரல் முதிர்ந்துவிட்டது என்ற கணக்கை 1971-இல் க்ளக் என்ற மருத்துவரின் குழுவினர் தந்தார்கள். சர்க்கரை நோயுள்ள தாய்மாரிடம் இது ஏமாற்றுவதும் உண்டு. தாயின் ரத்தத்திலோ சிக்கல் வேறு. சர்ஃபாக்டன்ட் புரதங்கள் தாயின் நுரையீரலிலும் சுரக்கின்றன. எது யாருடையது என்று பிரிப்பது பெரும்பாடு. அதனால் அது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

ஆசையைத் தூண்டுவது ரத்தப் பரிசோதனைதான். ஆனால் இன்று முடிவெடுக்க வேண்டியவருக்கு அது உதவாது. பனிக்குட நீர் எடுக்கும் ஊசியும் அருகிவிட்டது. கர்ப்ப வாரத்தைத் தொடக்க ஸ்கேனில் சரியாகக் கணித்திருந்தால், 34 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கும்போது, பரிசோதனைக்குக் காத்திராமல் குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தாய்க்குப் போட்டுவிடுகிறார்கள். வாரக் கணக்கே தெளிவில்லாத அபூர்வ நிலைகளில் மட்டும் சில மருத்துவர்கள் பனிக்குட நீரை நாடக்கூடும்.