ஆயுசுக்கும் எந்தப் பெட்டி: டாமியாவா, ஏ.எம்.டி-யா?

"அண்ணே, முதல் கார் கிட் வாங்கப் போறேன். டாமியா எடுக்கவா, இல்ல அந்த அமெரிக்கன் பெட்டி எடுக்கவா?" என்று அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டான். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயின்ட் அடித்து நாமே கட்டும் குட்டிக் காரைத்தான் கிட் என்கிறோம்; டாமியா ஜப்பான் கம்பெனி, அவன் சொன்ன அமெரிக்கன் ஏ.எம்.டி. டாமியா எடு என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தால், கட்டாமல் ஏற்றிவைத்திருக்கும் பெட்டிகளில் முக்கால்வாசி அமெரிக்கன். ஊருக்கு ஒன்று சொல்லிவிட்டு வீட்டில் வேறொன்றைச் சேர்த்துவைத்திருக்கிறேன். அது ஏன் என்று எனக்கே விளங்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெட்டியைத் திறப்போம். டாமியாவின் 1/24 அளவு (நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு) கார் பெட்டியில் வெள்ளைப் பின்னணி, நடுவில் கார், அவ்வளவுதான். உள்ளே பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை வெட்டி எடுக்கும் இடம்கூட, கூடியவரை வெளியே தெரியாத பக்கமாகப் பார்த்து வைத்திருப்பார்கள். கண்ணாடி ஓரத்தில் கறுப்பு அடிக்க மாஸ்க் தாள், பேட்ஜுக்கும் பக்கவாட்டுக் கண்ணாடிக்கும் பளபளக்கும் உலோக ஒட்டி, எந்தப் பாகத்துக்கு எந்த எண் பெயின்ட் என்று செய்முறைத் தாள். பசை போடாமல் இரண்டு பாகங்களைச் சும்மா சேர்த்துப் பாருங்கள், டக் என்று உட்காரும். பச்சை மூடிக் குப்பியில் வரும் தண்ணீர் மாதிரியான பசையை இடுக்கில் தொட்டால் தானே உள்ளே ஓடிவிடும். தப்பு செய்வதற்கு நாம்தான் மெனக்கெட வேண்டும்.

ஏ.எம்.டி பெட்டி திருவிழாக் கடை மாதிரி. படத்தில் புகை, தீ, பெரிய எழுத்து. உள்ளே, குறிப்பாக அறுபதுகளில் வெட்டிய அச்சில் இன்றும் வார்க்கும் கிட் என்றால், மட்கார்டு மேலேயே அச்சுக் கோடு ஓடும். ஓரமெல்லாம் பிசிறு. க்ரோம் பம்பரில், சரியாகப் பார்வை விழும் இடத்தில், வெட்டுத் தழும்பு. இரண்டு பாகம் சேரும் இடத்தில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி. நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் பட்டி டிங்கரிங் என்பார்களே, அதே வேலைதான், வண்டி மட்டும் சின்னது. பட்டி வைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, ப்ரைமர் அடித்துப் பார்த்தால் கோடு இன்னும் தெரியும். மறுபடி முதலிலிருந்து.

எனக்குச் சிரிப்பு வரவழைப்பது அச்சாணி. அந்தக் காலத்து ஏ.எம்.டி கிட்கள் பலவற்றில் முன்சக்கரங்களை ஒரே இரும்புக் கம்பி கோத்திருக்கும். அந்தக் கம்பி இன்ஜினுக்கு நடுவில் போட்ட ஓட்டை வழியாகப் போகும். நிஜக் காரில் அப்படி இருந்தால் கிராங்க் சுற்றவே முடியாது. டாமியா ஆள் இதைப் பார்த்தால் மயங்கி விழுவார்.

இந்த வித்தியாசம் கவனக்குறைவால் வந்ததல்ல, பிறப்பிலேயே வந்தது. ஏ.எம்.டி 1948-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில் தொடங்கியது. பெயரின் விரிவு அலுமினியம் மாடல் டாய்ஸ். முதலில் செய்தது அலுமினிய ஃபோர்டு கார். பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் செய்தவை கிட் அல்ல, கார் விற்கும் டீலர்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முழு மாடல்கள். புது மாடல் கார் ஷோரூமுக்கு வரும்போது அதே நிறத்தில் குட்டிக் காரும் வரும். உடல் வடிவம் அச்சு அசலாக இருக்க வேண்டும், அடியில் என்ன இருந்தால் யாருக்குக் கவலை? 1958-இல் அதே உடலைப் பாகங்களாகப் பிரித்து, கட்டும் கிட்டாக விற்க ஆரம்பித்தார்கள். அடிப்பகுதி ஏன் இப்படிச் சிக்கனமாக இருக்கிறது என்பதற்கு இதுதான் பதில். கூரையின் வளைவும் வால் துடுப்பின் சாய்வும் இன்றைக்கும் கண்ணுக்கு நிறைவாக இருப்பதற்கும் இதுவே பதில்.

டாமியா வந்த வழி வேறு. ஜப்பானின் ஷிசுவோகாவில் 1946-இல் மர அறுவை ஆலையாக ஆரம்பித்து, மர மாடல்களுக்கு வந்து, 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்கில் இறங்கிய குடும்பம். எதையும் அளந்து பார்க்காமல் விடாத குணம் அந்த வீட்டுக்கு. எழுபதுகளில், போர்ஷே 911-இன் பந்தய வடிவமான 934-ஐ 1/12 அளவில் செய்வதற்காக நிஜமான ஒரு போர்ஷே 911-ஐ வாங்கி, கழற்றிப் பார்த்தார்கள். கம்பெனியை அப்படி வளர்த்தெடுத்த, அந்தக் குடும்பத்து ஷுன்சாகு டாமியா 2025-இல், 90 வயதில், காலமானார்.

சரி, டாமியாதான் எல்லாவற்றிலும் மேல் என்று முடித்துவிடலாமா? போனட்டைத் திறந்து பாருங்கள். பல டாமியா ரோடு கார்களில் அது திறக்காது. டொயோட்டாவின் ஜிஆர் சுப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள்: வெளியே அற்புதம், அடியில் இன்ஜினின் அடிப்பக்கம் மட்டும் தெரியும், மேலே ஒன்றும் கிடையாது. ஜப்பானிய கார் கிட்கள் ஒரு காலத்தில் மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓடும் பொம்மைகளாக விற்றவை. பேட்டரி உட்கார்ந்த இடத்தில் இன்ஜினுக்கு ஏது இடம்? அந்தப் பழக்கம் மோட்டார் போன பிறகும் தொடர்கிறது. லாஃபெராரி மாதிரி இன்ஜினோடு வரும் டாமியாக்களும் உண்டு, அவை கட்டக் கட்ட விருந்து. ஆனால் அது பெட்டிக்குப் பெட்டி மாறும், வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கன் கிட்டில் இன்ஜின் இல்லாவிட்டால்தான் அதிசயம். பழைய காரை வாங்கிப் பெரிய வி8 இன்ஜின் மாட்டித் தெருவில் உறும விடுவதுதான் அங்கே இளவட்டங்களின் விளையாட்டாக இருந்தது; கிட்டும் அதையே பின்தொடர்ந்தது. ஏ.எம்.டி-யின் 'மூன்றில் ஒன்று' பெட்டியில் கம்பெனி விட்டபடி கட்டலாம், நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கஸ்டமாகக் கட்டலாம், பந்தய வண்டியாகவும் கட்டலாம். மூன்றுக்கும் பாகம் உள்ளேயே இருக்கும். உடல் மட்டும் ஒன்று. ஆக, எதைக் கட்டினாலும் மற்ற இரண்டின் பாகங்கள் மிஞ்சும்.

இந்த 'மிஞ்சும்' என்ற இடத்தில்தான் என் பரணின் ரகசியம் இருக்கிறது. டாமியா சுப்ராவைக் கட்டி முடித்தால் கையில் மிஞ்சுவது வெறும் சட்டம், குப்பைக்கூடைக்குப் போகும். ஏ.எம்.டி-யின் செவர்லே இம்பாலாவைக் கட்டி முடித்தால் ஒரு ஜோடி வால்வு கவர், நான்கு அகல டயர், ஒரு சூப்பர்சார்ஜர், எதற்கென்றே தெரியாத இரண்டு க்ரோம் குழாய். அம்மா எவர்சில்வரில் புதிது வாங்கியதும் கழித்துப்போட்ட பழைய அஞ்சறைப் பெட்டியில் இவற்றைப் போட்டுவைக்க ஆரம்பித்தேன். கடுகு இருந்த கிண்ணத்தில் கார்புரேட்டர், வெந்தயத்தில் ஸ்டீயரிங். கொஞ்ச நாளில் பெட்டி நிரம்பியது, அப்புறம் பிஸ்கட் டின்கள். டின்னைக் கிளறும்போது ஒரு இன்ஜின் கண்ணில் படும்; இதை அந்தப் பழைய ஃபோர்டில் வைத்தால் என்ன என்று தோன்றும்; ஃபோர்டு வாங்க வேண்டும்; அந்தப் பெட்டியிலிருந்து மறுபடி பாதி மிஞ்சும். கறையான் புற்று மாதிரி தானே வளரும் பொழுதுபோக்கு இது. டாமியா கட்டினால் ஒரு கார் கிடைக்கிறது. ஏ.எம்.டி கட்டினால் அடுத்த காருக்கான காரணம் கிடைக்கிறது.

அளவுச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரர்கள் 1/24, அமெரிக்கர்கள் பெரும்பாலும் 1/25 (மோனோகிராம் கம்பெனி மட்டும் 1/24 பக்கம்). 4.5 மீட்டர் கார் முன்னதில் 187.5 மில்லிமீட்டர், பின்னதில் 180. அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது. இந்தக் கிட்டின் சக்கரத்தை அந்தக் கிட்டில் மாட்டும்போது மட்டும் கடிக்கும், உப்புத்தாள் இருக்கிறது. இதற்காக மணிக்கணக்கில் வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு கார்கூடக் கட்டி முடிக்காதவர்கள்.

பெயின்ட்டில் இரு பெட்டிக்கும் வானிலைதான் எஜமான். ஸ்ப்ரே டப்பா விமானத்தில் வராது, அதனால் டாமியாவின் அருமையான டிஎஸ் ஸ்ப்ரே வரிசை இங்கே கிடைத்தால் யோகம், இல்லாவிட்டால் காத்திருப்பு. நான் கார் பெயின்ட் கடையில் கலந்து வாங்கி ஏர்பிரஷ்ஷில் அடிக்கப் பழகிக்கொண்டேன். முதலில் நல்ல ப்ரைமர் கட்டாயம், இல்லையென்றால் அந்தத் தின்னர் பிளாஸ்டிக்கையே கடித்துவிடும். ஐப்பசி மழையில் லேக்கர் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து, கறுப்பு கார் திருநீறு பூசினாற்போல் வெளுத்துப்போகும். ஒரு தீபாவளி விடுமுறையை அப்படிப் பாழாக்கியிருக்கிறேன், கிட் மேல் எந்தக் குற்றமும் இல்லை. வழவழப்பான உடல் என்பதால் டாமியாவில் இந்தத் தப்பு பளிச்சென்று தெரியும். அமெரிக்கனில் ஏற்கெனவே நூறு தழும்பு, இதுவும் ஒன்று.

கட்டாமல் சேர்த்துவைப்பதற்கு எது? ஜப்பானில் கட்டாமல் அடுக்கிய கிட் குவியலுக்கென்றே 'ட்சுமிபுரா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ஆக நாம் தனியாள் இல்லை. விலை ஏறும் என்று எண்ணிச் சேர்க்காதீர்கள். இரு பக்கமும் பழைய அச்சை எடுத்து மறுபடி வார்த்து விடுகிறார்கள், ஏ.எம்.டி பெயரை இப்போது வைத்திருக்கும் ரவுண்ட் 2 கம்பெனி, பழைய பெட்டிப் படத்தையே போட்டு விடுகிறது. நேற்று அபூர்வமாக இருந்தது நாளை கடையில் சாதாரணமாக நிற்கும். ஆனால் அமெரிக்கன் பக்கம் ஒரு சோகம் உண்டு. நிஜக் கார் வருடா வருடம் முகம் மாறியதால், அதே அச்சைச் செதுக்கி அடுத்த வருட மாடலாக்கினார்கள். கடைசியில் மட்கார்டை வெட்டிப் பந்தய வண்டியாகவும் ஆக்கினார்கள். அப்படி வெட்டிய அச்சு திரும்பாது. அந்த வருடத்துக் கார் வேண்டுமென்றால் அன்றைய பெட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் புதிதாக யாராவது அச்சு வெட்ட வேண்டும்.

பழைய பெட்டி கிடைத்தால் முதலில் டயரைப் பாருங்கள். டயரை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்; கண்ணாடிப் பாகத்தில் டயர் பதிந்திருந்தால் கதை முடிந்தது. வாங்கியதும் டயரைத் தனிப் பையில் போடுங்கள். மஞ்சளான டெக்கல் தாளை (காரில் ஒட்டும் எழுத்து, கோடு, படம் அச்சிட்ட தாள்) ஜன்னல் கண்ணாடியில் சில நாள் வெயில் படும்படி ஒட்டிவைத்தால் ஓரளவு வெளுக்கும்.

மற்ற கம்பெனிகளை இரண்டு வரியில்: ரெவல் தொண்ணூறுகளில் விட்ட 1932 ஃபோர்டு கிட்கள், அமெரிக்கன் சுவையும் நல்ல பொருத்தமும் சேர்ந்தவை. பசையும் பெயின்ட்டும் வேண்டாம் என்றால் ஆவோஷிமாவின் 1/32 மாட்டும் கிட்; அதில் ஜிம்னி உண்டு, நம் சாலையில் மாருதி விற்ற அதே குடும்பம்.

ஆக, கட்டுவது பிடிக்கிறதா என்று தெரியாதவருக்கு டாமியாதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் கிட்டே ஏ.எம்.டி என்றால் பத்தில் எட்டுப் பேர் பட்டி காய்வதற்குள் ஓடிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் மூன்று டாமியா கட்டியும் கை இன்னும் துறுதுறுக்கிறது என்றால், நான்காவதாக அந்தத் திருவிழாப் பெட்டியை எடுங்கள்.

அந்தத் தம்பி சுப்ராவைக் கட்டிவிட்டான். சிவப்பு, நன்றாகவே இருந்தது, ஒரு கதவோரம் மட்டும் பெயின்ட் வழிந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போனட் திறக்காதாண்ணே?" என்றான். மறுநாள் ஒரு தீப்பெட்டிக்குள் வி8 இன்ஜின் ஒன்றை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அதற்கு ஒரு கார் தேடிக்கொண்டிருக்கிறான்.