பெட்சல் போரியோ ஹெல்மெட்: கருங்கல் குன்று ஏறுபவர்களுக்கு ஒரு மதிப்புரை

ஷூவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் ஹெல்மெட். செட்டிநாட்டுக் கருங்கல் பாறைகளில் ரோப் போட்டுப் பழகிவிட்டு, பிறகு பெரிய பாறைச் சுவர்களுக்குப் போக நினைப்பவர்களுக்கு பெட்சல் நிறுவனத்தின் போரியோ ஹெல்மெட்டைத் தயங்காமல் சொல்வோம். (பழகும் இடத்துக்கு அனுமதி வாங்குங்கள். திருமயம், நார்த்தாமலை, சித்தன்னவாசல் எல்லாம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே ரோப்பைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது.)

வெளியே ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஓடு. உள்ளே இரண்டு வகை நுரை: நாம் தெர்மாகோல் என்கிற இ.பி.எஸ்., அமுங்கி மீளும் இ.பி.பி. நுரை உச்சியோடு நிற்காமல் காதுக்கு மேல் வரை இறங்குகிறது. பக்கவாட்டு அடிக்கும் தனியாகச் சோதித்து முத்திரை இட்டிருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் சிராக்கோ ஹெல்மெட் 170 கிராம்தான். போரியோ முந்நூறு கிராமை நெருங்கும். ஆனாலும் பஸ்ஸில் கார்பைனர் என்கிற உலோகக் கொக்கிகளோடும், பாறை இடுக்கில் விரிந்து பிடிக்கும் கேம்களோடும் ஒரே பையில் நசுங்கி வருகிற ஹெல்மெட்டுக்கு அந்தக் கெட்டி ஓடு வேண்டும். வெறும் நுரை ஹெல்மெட் பையிலேயே பள்ளம் விழுந்துவிடும்.

இனி, இது எவ்வளவு தாங்கும்? மலையேற்ற ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 12492 சோதனையில் 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து உச்சியில் போடுவார்கள். தலைக்குப் போகும் விசை 10 கிலோநியூட்டனை, அதாவது ஏறக்குறைய ஒரு டன் எடையை, தாண்டக் கூடாது. இதைக் கல் கணக்கில் பாருங்கள். எலுமிச்சம்பழ அளவுக் கருங்கல் சுமார் 100 கிராம். அது 30 மீட்டர் விழுந்து வந்தாலும் சோதனை அடியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாது. பெரிய சாத்துக்குடி அளவென்றால் ஒரு கிலோ; அது 10 மீட்டர் விழுந்தாலே சோதனை அடிக்குச் சமம். 5 கிலோ கல் 20 மீட்டர் விழுந்தால் பத்து மடங்கு. அதற்கு எந்த ஹெல்மெட்டும் கிடையாது, கல் வரும் பாதையில் நிற்காமல் இருப்பது மட்டும்தான்.

நம் வெயிலில் கருங்கல்லின் மேல்பரப்பு வெங்காயச் சருகு போலப் பொருக்குப் பொருக்காக விடும். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் 19 மீட்டர் உயரமும் 10 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு பொருக்கில் கருவி பொருத்தி அளந்தார்கள். பகல் சூட்டில் விலகி, இரவுக் குளிரில் ஒட்டி, ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டர் வரை அது அசைந்திருக்கிறது. மழையோ நிலநடுக்கமோ இல்லாமலே கல் விழுவதற்கு இது ஒரு காரணம். அங்கேயே எல் கேப்பிட்டன் என்ற பாறைச் சுவரில் 2017 செப்டம்பர் 27 அன்று கல் சரிந்து ஒருவர் இறந்தார். மறுநாள் அதைவிடப் பெரிய சரிவு.

அதனால் பொருக்கைப் பிடிக்குமுன் உள்ளங்கையால் தட்டுங்கள், பானை வாங்கும்போது தட்டுவோமே, அப்படி. 'டொம்' என்று உள்ளே அதிர்ந்தால் பின்னால் வெற்றிடம். அதன் பின்னால் கேம் வைக்கவே வைக்காதீர்கள். நீங்கள் விழும்போது கேம் விரிந்து, கடப்பாறை போட்ட மாதிரி பொருக்கையே பெயர்த்துவிடும். பிலே கொடுப்பவர், அதாவது கீழிருந்து ரோப்பைப் பிடித்துக் காப்பவர், ஏறுபவருக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில், முடிந்தால் துருத்திய பாறைக்கு அடியில் நிற்க வேண்டும். மேலே ஆடு மேய்கிற குன்றில் இன்னும் கவனம். கல் கிளம்பினால் 'கல்லு! கல்லு!' என்று கத்துங்கள், சின்னக் கல்லானாலும். கீழே இருப்பவர் அண்ணாந்து பார்க்கக் கூடாது. பாறையோடு ஒட்டி, தோளைத் தூக்கி, ஹெல்மெட்டுக்கு அடியில் உடம்பைச் சுருக்க வேண்டும். பிலே ரோப்பைப் பிடித்த கையை மட்டும் விடக் கூடாது. ஓய்ந்ததும் முதல் வேலை ரோப்பை முழம் முழமாகத் தடவிப் பார்ப்பது. ரோப்பை அறுக்கிற கல்லை ஹெல்மெட் தடுக்காது.

காரைக்குடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் குவாரி ஹெல்மெட் போதாதா? போதாது. அவ்வகை ஹெல்மெட்டுக்கான ஈ.என். 397 தரத்தின் 2012 பதிப்புப்படி, எங்காவது சிக்கிக் கழுத்தை இறுக்காதபடி நாடி வார் 15 முதல் 25 கிலோ இழுப்பிலேயே கழன்றுவிட வேண்டும். மலையேற்ற வார் 50 கிலோ வரை பிடித்து நிற்க வேண்டும். விழுந்து உருளும்போது முதல் கல்லோடு பறந்துபோகிற ஹெல்மெட் இரண்டாவது கல்லுக்கு உதவாது.

அளவு பார்க்கும்போது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு, வார் போடாமலே தலையை ஆட்டிப் பாருங்கள், நழுவக் கூடாது. கொண்டை போட்டால் பின்பட்டை உட்காராது, தாழப் பின்னிக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளே வியர்வை ஊற்றும். காற்றுத் துளைகள் அதற்குப் போதவில்லை. இதன் பெரிய குறை இதுதான். பூட்டிய காருக்குள் விட்டுவிடாதீர்கள், பெயிண்டில் பெயர் எழுதாதீர்கள்; இரண்டும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பலமான அடி வாங்கியிருந்தால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அடி வாங்காவிட்டாலும் தயாரித்த நாளிலிருந்து பத்தாண்டுதான் ஆயுள் என்கிறது நிறுவனம். கடையில் நாள்பட்ட சரக்கைத் தள்ளுபடியில் தந்தால், உள்ளே பொறித்திருக்கும் ஆண்டைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.