வீட்டுக்கா, பராமரிப்பு இல்லத்துக்கா?

நாகர்கோவிலில் டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்தபோது அப்பாவின் மூக்கில் உணவுக்குழாய், இடப்பக்கம் அசைவில்லை. தக்கலை வீட்டுக்கா, பராமரிப்பு இல்லத்துக்கா?

இல்லத்தில் இரவும் பகலும் ஆள் உண்டு. ஹோம் நர்ஸ் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுவாரோ என்ற கவலை இல்லை. ஆனால் ஒரு பணியாளருக்கு எத்தனை நோயாளிகள் என்று கேளுங்கள். இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வீடு என்றால் எல்லாம் நம் தலையில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். முதலில் இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது. குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றிய பிறகும் அரை மணி நேரம் அப்படியே. படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை மோட்டாரில் ஓடுவது. ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் தொய்ந்துவிடும். (விற்றவர் இதைச் சொல்லவில்லை.) தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் (பிசியோதெரபி) வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாறி மாறி விழித்திருக்க இரண்டு பேர் உண்டென்றால் நான் வீட்டின் கட்சி. ஒருவர் மட்டும் என்றால் இல்லம்தான். அதில் வெட்கம் எதற்கு? எங்கள் வீட்டில் அண்ணியும் நானும் இருந்தோம். அப்பாவின் கட்டிலை ஜன்னலோரம், பலாமரம் தெரியும்படி போட்டோம்.